ஓர்க், காப்ளின் படைக்குப் பல பச்சைகளில் தோல் தீட்டுவது எப்படி?

மேசை மேல் ஆடும் போர் ஆட்டத்துக்காக, கற்பனைக் கதைகளில் வரும் ஓர்க், காப்ளின் என்ற அரக்க இனங்களின் ஐம்பது அறுபது சிறு உருவங்கள் கொண்ட படையைத் தீட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றிற்கும் ஒரே மூன்று பச்சைகளைப் பூசியபோது அவை ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் போலத் தெரிந்தன என்றும், ஆளுக்கொரு பச்சை கொடுத்துப் பார்த்தபோது படை ஒரு படையாகவே தோன்றவில்லை என்றும் சொல்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. பள்ளங்களில் தெரியும் நிழலின் நிறத்தைப் படை முழுவதற்கும் ஒன்றாக வைத்துக்கொண்டு, தோலின் பெரும்பரப்பில் தெரியும் நடுநிறத்தையும் அதன் மேல் மேடுகளில் வரும் வெளிறிய ஒளிநிறத்தையும் மட்டும் மாற்ற வேண்டும். அதற்கடுத்து, பச்சை அல்லாத நிறங்களைத் தோலுக்குள் கொண்டுவர வேண்டும். கடையில் இருக்கும் பச்சைக் குப்பிகளை எல்லாம் வாங்கிச் சேர்ப்பதைவிட இவை இரண்டும் அதிகப் பலன் தரும் என்பது என் முடிவு. காரணங்களோடு சொல்கிறேன்.

ஓர்க்குக்குச் சரியான பச்சை என்று ஒன்று இல்லை. ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கியனின் ஓர்க்குகள் பச்சையானவையே அல்ல. 1958-இல் எழுதிய கடிதமொன்றில் அவற்றை மங்கிய மஞ்சள் தோல் உடையவை என்றே அவர் விவரிக்கிறார். பச்சைத்தோல் வழக்கம் இவ்வளவு பரவியதில் பெரும்பங்கு, இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட வார்ஹாமர் ஆட்டத்துக்கும், 1987-இல் வந்த வார்ஹாமர் 40,000 ஆட்டத்துக்கும், அவற்றுக்காகச் சிட்டாடல் என்ற பெயரில் வார்க்கப்பட்ட உருவங்களுக்கும் உண்டு. அந்தக் கதையுலகிலேயே வேறுபாட்டுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. ஓர்க் முதிர்ந்து பெருக்கப் பெருக்க அதன் தோல் கறுத்துத் தடிக்கிறது. கறுப்பு ஓர்க் என்று தனி இனமே உண்டு. குகையிருளில் வாழும் இரவுக் காப்ளின்களும், மரக்காட்டில் வாழும் காட்டுக் காப்ளின்களும் தனித்தனிக் கூட்டங்கள். ஆகவே தலைவனைக் கருத்த பச்சையிலும், குட்டிக் காப்ளின்களை வெளிறிய பச்சையிலும் தீட்டினால் அது கதைக்கும் பொருந்துகிறது, மேசையில் யார் பெரியவன் என்பதும் ஒரே பார்வையில் புரிகிறது.

நிறக்கலவையில் பலரும் தடுமாறும் இடம், ஒரு பச்சையை எடுத்து, கருமையாக்கக் கறுப்பும் வெளிறச்செய்ய வெள்ளையும் சேர்ப்பதுதான். கடையில் விற்கும் பளிச்சென்ற அக்ரிலிக் பச்சைகளில் பெரும்பாலும் இருப்பது 1930களில் புழக்கத்துக்கு வந்த தாலோசயனைன் பச்சை என்ற நிறமி. ஓவியர்கள் வாங்கும் அக்ரிலிக் குழாய்களில் இதைப் பி.ஜி.7 என்ற நிறமிக் குறியீட்டால் அச்சிட்டிருப்பார்கள். சற்று மஞ்சள் சாய்ந்த உறவினன் பி.ஜி.36. இரண்டும் ஒளி ஊடுருவுபவை, நிறமேற்றும் வலிமை மிகுந்தவை. தூரிகை நுனியில் ஒட்டிய அளவே கலவை முழுவதையும் தன் பக்கம் இழுத்துவிடும். இவற்றோடு வெள்ளை சேரும்போது நீலச்சாயல் மேலெழுந்து, பற்பசையில் பார்க்கும் குளிர்ந்த வெளிர்பச்சை வருகிறது. அது உயிருள்ள தோலாகத் தோன்றாது. கறுப்பு சேர்ந்தாலோ நிறம் செத்து, அழுக்கேறிய பிளாஸ்டிக் போல ஆகிறது. எனவே வெளிறச்செய்ய வெள்ளைக்குப் பதில் தந்தநிறமோ, காவி கலந்த மஞ்சளோ, மனிதத் தோலுக்கென்று விற்கும் வெளிர் நிறமோ சேருங்கள். கருமையாக்கக் கறுப்புக்குப் பதில் செம்பழுப்பையோ கருநீலத்தையோ ஊதாவையோ சேருங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கே முகம் உயிர்பெறும்.

கறுப்பைப் பச்சையிலிருந்து விலக்கச் சொன்னேனே தவிர, கறுப்பு வீண் என்று சொல்லவில்லை. கறுப்போடு மஞ்சளைக் கலந்தால் அடங்கிய பாசிப்பச்சை கிடைக்கும். எலுமிச்சை மஞ்சளோடு கலந்தால் சற்றுக் கூர்மையாகவும், காவி மஞ்சளோடு கலந்தால் சேறு கலந்ததாகவும் அது வரும். பச்சைக் குப்பியே திறக்காமல் ஒரு காப்ளின் கூட்டத்தை முழுமையாகத் தீட்டிவிடலாம். அந்தப் பச்சையின் பக்கத்தில் வைத்தால் கடைப் பச்சை எவ்வளவு கூச்சலிடுகிறது என்பது தெரியும். அடங்கிய பச்சை வேண்டுவோருக்கு இன்னொரு துணை, பி.ஜி.17 என்று குறிக்கப்படும் குரோமியம் ஆக்சைடு பச்சை. அது ஒளி ஊடுருவாதது, ஒரே பூச்சில் அடித்தளத்தை மறைக்கும், இயல்பிலேயே மங்கியது.

இப்போது பொது நிழலுக்கு வருவோம். சிட்டாடல் பெயரிலேயே விற்கும் நிறக்குப்பிகளை வைத்துச் சொன்னால், நெடுங்காலமாக ஓர்க் தோலுக்கு வழங்கிவரும் வரிசை, வாஹ் ஃபிளெஷ் என்ற நீலம் சாய்ந்த கரும்பச்சையில் அடித்தளம், பீல்-டான் கிரீன் என்ற நீர்த்த நிழல்பூச்சு, வார்பாஸ் கிரீனில் நடுநிறம், ஸ்கார்ஸ்னிக் கிரீனில் விளிம்பொளி (மேடுகளின் விளிம்பில் இடும் வெளிர்கோடு) என்பதாகும். குறையில்லாத வரிசைதான்; ஆனால் இப்படி எல்லாப் படிகளும் பச்சையாகவே இருப்பதால்தான் உங்களுக்கு அச்சுப்பொம்மைத் தன்மை வந்திருக்கிறது. இதில் முதல் படியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாஹ் ஃபிளெஷ் மூன்று பங்குக்கு ரைனாக்ஸ் ஹைட் போன்ற கருஞ்செம்பழுப்பு ஒரு பங்கு என்று கலந்தால், சற்றுத் தள்ளிப் பார்க்கும்போது கறுப்பென்றும், அருகில் பார்க்கும்போது பச்சையென்றும் தோன்றும் ஒரு நிறம் வரும். அதுவே உங்கள் படையின் பொது நிழல். கழுத்தின் அடியிலும், அக்குளிலும், தசைகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களிலும், கவசம் தோலைத் தொடும் ஓரங்களிலும் எல்லா உருவங்களிலும் இதுவே தெரிய வேண்டும். பார்ப்பவர் கண் ஒற்றுமையைத் தேடும்போது இந்த ஓரங்களைத்தான் பற்றிக்கொள்கிறது. அவை மாறாதவரை நடுநிறம் எவ்வளவு அலைந்தாலும் படை கலைவதில்லை.

நடுநிறங்களை ஐந்தாறுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். இலைப்பச்சை ஒன்று, அதோடு காவி மஞ்சள் சேர்த்துச் சூடாக்கியது ஒன்று, மேலே சொன்ன பாசிப்பச்சை ஒன்று, நீலம் கலந்த கடற்பச்சை ஒன்று, சாம்பல் கலந்து வெளிறிய பச்சை ஒன்று என்று இருந்தால் போதும். சாதாரண வீரர்களில் பாதிக்கு மேல் முதல் நிறத்திலேயே இருக்கட்டும். மற்றவை அதிலிருந்து விலகுபவையாக அங்கங்கே வரட்டும். ஐந்து நிறங்களையும் சமமாகப் பங்கிட்டால் எது படையின் நிறம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. உங்கள் படை சிதறியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

தட்டில் கலக்கும்போது ஒரு நடுநிறத்தின் மிச்சத்திலேயே அடுத்ததைக் கலப்பது நல்ல பழக்கம். இலைப்பச்சையில் நான்கைந்து உருவங்களைத் தீட்டியபின் அதே குட்டையில் ஒரு துளி காவி மஞ்சள் விட்டு அடுத்த நான்கைந்து, பிறகு இன்னொரு துளி விட்டு அடுத்தவை என்று போனால், நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவையாகவே இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் அக்ரிலிக் மிக விரைவில் தோல்கட்டிவிடுவதால் இதற்கு ஈரத்தட்டு கட்டாயம். மூடியுள்ள ஆழமில்லாத டப்பாவில் நனைத்த பஞ்சுத்துணியும் அதன் மேல் கேக் சுடும்போது விரிக்கும் பேக்கிங் தாளும் விரித்தால் போதும்; விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை.

நிறத்தைவிட ஒளியளவு முக்கியம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விளையாடும்போது உருவம் கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது. ஓர்க்கின் முகமோ ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அந்தத் தொலைவில் நீலச்சாயல் பச்சைக்கும் மஞ்சள்சாயல் பச்சைக்கும் உள்ள வேறுபாடு, ஒன்று இருண்டும் மற்றது வெளுத்தும் இருந்தால்தான் தெரியும். பகலொளியில் மனிதக் கண்ணின் உணர்திறன் உச்சமாவது சுமார் 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில். அதனால் கிளிப்பச்சை எப்போதும் முன்னே வந்து நிற்கும், நீலப்பச்சை பின்வாங்கும். தீட்டிய ஐந்தாறு உருவங்களை வரிசையாக நிறுத்திக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். எல்லா முகங்களும் ஒரே சாம்பலில் வந்தால் நீங்கள் மாற்றியது நிறத்தை மட்டுமே. ஒளியளவை மாற்றவில்லை என்று பொருள்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி. எந்தத் தோலும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. மனித முகத்தைத் தீட்டும் ஓவியர்கள் முகத்தை மூன்று பட்டைகளாகப் பிரிப்பது பழைய பயிற்சி. நெற்றி சற்றுப் பொன்னிறம், கன்னமும் மூக்கும் காதும் சிவப்பு, தாடை சாம்பலும் நீலமும் என்பது அந்தப் பிரிவு. இரத்தம் தோலுக்கு அருகே ஓடும் இடங்கள் சிவக்கின்றன. எலும்பு தோலை முட்டும் இடங்கள் வெளுக்கின்றன. ஓர்க்குக்கும் இதே உடற்கூற்றைக் கொடுங்கள். மூக்கு நுனி, காது மடல், கீழுதடு, விரல் முட்டி, முழங்கை ஆகியவற்றுக்குச் சிவப்பு. புருவமேடு, கன்ன எலும்பு, மண்டை உச்சி ஆகியவற்றுக்கு மஞ்சள். கண்குழி, தாடையடி, கழுத்து ஆகியவற்றுக்கு ஊதா. காப்ளினின் நீண்ட மூக்கும் அகன்ற காதும் இதற்கென்றே செய்தவை. ஒரே நடுநிறத்தில் தீட்டிய இரண்டு காப்ளின்களில் ஒன்றின் மூக்கைச் சிவக்கவைத்து, மற்றதன் கண்குழியை ஊதாவாக்கினால், பச்சையை மாற்றாமலேயே இரண்டு ஆட்கள் கிடைத்துவிடுவார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சிவப்பும் பச்சையும் எதிர்நிறங்கள். பச்சையின் மேல் சிவப்பை நீர்த்துப் பூசினால் ஒன்றையொன்று விழுங்கி, சிவப்புக்குப் பதில் பழுப்பு வரும். பழுப்பு வேண்டுமென்றால் அதுவே நல்ல வழி. உழைத்துத் தடித்த கைகளுக்கும் பாதங்களுக்கும் அது பொருத்தமானது. ஆனால் சளிபிடித்த மூக்கின் சிவப்போ அடிபட்ட காதின் சிவப்போ வேண்டுமென்றால் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் அந்த இடத்தை மங்கிய இளஞ்சிவப்பில் தீட்டிவிட்டு, சுற்றியுள்ள பச்சையை நீர்த்து, ஒரு பங்கு நிறத்துக்கு ஐந்தாறு பங்கு நீர் அல்லது மீடியம் (நிறத்தை நீர்க்கவைக்கும் நிறமற்ற திரவம்) என்ற அளவில், அதன் ஓரங்கள் மேல் ஏறும்படி இழுத்துவிடுங்கள். தூரிகையைத் தாளில் ஒற்றி ஈரம் குறைத்தபின் தொடுங்கள். இல்லாவிட்டால் நிறம் பள்ளத்தில் ஓடித் தேங்கி, காய்ந்ததும் வளையமாகக் கறைபடும். ஒவ்வொரு பூச்சும் முழுமையாகக் காய வேண்டும். ஊதாவுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ட்ரூக்கி வயலட் போன்ற நீர்த்த ஊதாவைப் பச்சையின் மேல் நேரடியாகவே பூசலாம். அது பச்சையைக் கொல்லாமல் இருட்டாக்கிக் குளிரவைக்கும்.

இத்தாலியின் பதினான்காம் நூற்றாண்டு ஓவியர்கள் இதன் மறுபக்கத்தைச் செய்தார்கள் என்பது சுவையான செய்தி. மரப்பலகையில் மனித முகம் எழுதும்போது முதலில் பச்சை நிற மண் நிறமியால் அடித்தளமிட்டு, அதன் மேல் இளஞ்சிவப்பை மெல்லிய கோடுகளாக ஏற்றினார்கள். கீழிருந்து கசியும் பச்சை நிழலாக நின்றது. சியெனா நகரத்து தூச்சோவின் ஓவியங்கள் சிலவற்றில் மேற்பூச்சு தேய்ந்துபோனதால் இன்று முகங்கள் பச்சையாகவே தெரிகின்றன. தோலுக்குப் பச்சையும் சிவப்பும் இரண்டுமே வேண்டும், எது மேலே எது கீழே என்பதில்தான் மனிதனும் ஓர்க்கும் வேறுபடுகிறார்கள்.

அறுபது உருவங்களுக்கும் இவ்வளவு செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. படைத் தலைவனுக்கும் முன்வரிசைக்கும் மேலே சொன்னபடி செய்துவிட்டு, மற்றவற்றுக்கு ஊடுருவும் நிறங்களைப் பயன்படுத்துங்கள். 2019-இல் சிட்டாடல் வெளியிட்ட காண்ட்ராஸ்ட் வகை நிறங்கள் இதற்கே உரியவை. அவை மேடுகளில் மெலிந்தும் பள்ளங்களில் திரண்டும் காய்வதால் ஒரே பூச்சில் நிழலும் நடுநிறமும் கிடைக்கும். பலர் இவற்றை வெளிர் அடித்தளத்தின் மேல் நேராகப் பூசி நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் இவற்றின் பாதிப் பலனைத்தான் பெறுகிறார்கள். ஊடுருவும் நிறம் கீழே இருப்பதைக் காட்டும். எனவே மாற்றத்தைக் கீழே செய்துவிட்டால் மேலே ஒரே பச்சை போதும். ஒரு பகுதி உருவங்களுக்கு ரெய்த்போன் போன்ற சூடான தந்தநிற அடித்தளமும், மற்றொரு பகுதிக்குக் கிரே சீர் போன்ற குளிர்ந்த சாம்பல் அடித்தளமும் அடித்து, இரண்டின் மேலும் ஒரே ஓர்க் ஃபிளெஷ் காண்ட்ராஸ்டைப் பூசினால், இரண்டு கூட்டங்கள் தாமாகவே பிரிந்து நிற்கும்.

இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகலாம். கறுப்பு அடித்தளத்தின் மேல் தலைக்கு நேர் மேலிருந்து வெள்ளையைத் தூவிய உருவத்தில், மூக்கிலும் காதிலும் முட்டியிலும் இளஞ்சிவப்பும், வயிற்றிலும் நெற்றியிலும் வெளிர்மஞ்சளும், முதுகிலும் கண்குழியிலும் ஊதாவும் கவனமின்றியே அப்பிவிடுங்கள். பார்க்க அலங்கோலமாக இருக்கும், கவலை வேண்டாம். அது காய்ந்ததும், காண்ட்ராஸ்ட் மீடியம் சமபங்கு கலந்த ஒரே ஊடுருவு பச்சையை எல்லாவற்றின் மேலும் பூசினால், அத்தனையும் ஒரே தோலாக இணைந்து, இரத்தமும் கொழுப்பும் உள்ளே இருப்பது போன்ற தோற்றம் வரும். எங்கே எவ்வளவு அப்பினீர்கள் என்பது ஒவ்வொரு உருவத்திலும் சற்று மாறுவதால், வேறுபாடு முயற்சியின்றிக் கிடைக்கிறது. பெரிய படைக்கு இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன். பொது நிழல் மட்டும் கடைசியில் மெல்லிய தூரிகையால் பள்ளங்களில் வைக்கப்பட வேண்டும். அதை விட்டுவிட்டால் முன்வரிசையோடு இவை சேராது.

விளிம்பொளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சள் நிறமிகள் பலவும் மறைக்கும் திறன் குறைந்தவை என்பதால் தூய மஞ்சளால் விளிம்பு தீட்டினால் மூன்று நான்கு பூச்சு கேட்கும். நடுநிறத்தில் தந்தநிறத்தைக் கலந்தால் ஒரே பூச்சில் நிற்கும். சூடான பச்சைக்குத் தந்தநிறம், கடற்பச்சைக்கு வெளிர்சாம்பல், பாசிப்பச்சைக்கு மங்கிய மஞ்சள் என்று பிரித்துக்கொள்ளலாம். கறுப்பு ஓர்க் போன்ற கருத்த தோலுக்கு விளிம்பைப் பச்சையில் வைக்காமல் சாம்பல்பச்சையில் மிக மெல்லியதாக வைப்பதே நன்று. பளிச்சென்ற பச்சைக் கோடு அதைச் சாதாரண ஓர்க்கின் கருநிழல் போலக் காட்டிவிடும்.

தோலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தவறிப்போவது, அதைச் சூழ்ந்திருக்கும் நிறங்கள். அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றுகின்றன என்பதை ஃபிரெஞ்சு வேதியியலர் செவ்ரல் 1839-லேயே விரிவாக விளக்கிவிட்டார். செந்துணி போர்த்திய ஓர்க்கின் பச்சை கூர்மையாகத் தெரியும். அதே பச்சை பழுப்புத் தோலாடைக்குள் அடங்கிப்போகும். மஞ்சள் ஆடைக்குப் பக்கத்தில் நீலம் சாய்ந்ததாகத் தோன்றும். எனவே தோல்நிறத்தை மாற்றும் உருவங்களில் ஆடையின் நிறத்தை மாற்றாமல் வைத்தால் வேறுபாடு தெளிவாகப் படிக்கக்கிடைக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது மாறியது என்பதே புரியாது. பீடத்துக்கும் இது பொருந்தும். 1990களில் வார்ஹாமர் உருவங்களின் பீடங்களைப் பளிச்சென்ற பச்சையில் தீட்டுவது வழக்கமாக இருந்தது. அந்த நினைவின் இனிமைக்காகவே இன்றும் அப்படித் தீட்டுவோர் உண்டு. ஓர்க் படைக்கு அது கெடுதல், பச்சைக் கால்கள் பச்சைத் தரையில் காணாமல்போகும். செம்மண் நிறமோ, வறண்ட காவியோ, பனியின் வெண்மையோ பீடத்துக்கு வைத்தால் எல்லாப் பச்சைகளும் தரையைவிட்டு எழுந்து நிற்கும்.

எந்த விளக்கில் தீட்டுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். மஞ்சள் விளக்கடியில் கடற்பச்சையும் இலைப்பச்சையும் ஒன்றாகத் தெரியும்; ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவு 5000 முதல் 6500 வரையிலும், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. அளவு 90-க்கு மேலும் உள்ள வெள்ளை விளக்கே நிறம் கலக்க ஏற்றது. இறுதியில் பூசும் பளபளப்பற்ற மேட் வார்னிஷ் கருத்த, மெல்லிய ஊடுருவு பூச்சுகளைச் சற்று வெளிறச்செய்யும், பளபளப்பு வார்னிஷ் அவற்றை ஆழமாக்கும். எனவே படையின் எல்லா உருவங்களுக்கும் ஒரே வார்னிஷைப் பயன்படுத்துங்கள். கீழுதட்டுக்கும் மூக்கு நுனிக்கும் மட்டும் பளபளப்பை ஒரு புள்ளி வைக்கலாம். பொது நிழலைத் துளிக்குப்பியில் ஒரே தடவையாக நிறையக் கலந்து, விகிதத்தை அதன் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள். அடுத்த ஆண்டு பத்து காப்ளின்களைப் படையில் சேர்க்கும்போது நடுநிறத்தைக் கண்ணளவில் கலந்துகொள்ளலாம். நிழல் மட்டும் அந்தக் குப்பியிலிருந்தே வர வேண்டும்.